அறியாமல் செய்த தீங்கு யார் கணக்கில்?

2016 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அலுவலகங்கள் திறக்கும் நேரம். ட்விட்டர் திறக்கவில்லை. நெட்ஃபிளிக்ஸ், ரெட்டிட், ஸ்பாட்டிஃபை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுமாறின. இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதற்குரிய எண் முகவரியைத் தேடித் தரும் வேலையைச் செய்துவந்த டின் என்ற நிறுவனத்தின் கணினிகள்மீது வெற்றுக் கோரிக்கைகள் வெள்ளமாக வந்து விழுந்துகொண்டிருந்தன. அவை எங்கிருந்து வருகின்றன என்று தேடிப் போனவர்கள் எந்த நாட்டுப் படையையும் காணவில்லை. வீட்டு வாசலில் மாட்டிய கண்காணிப்பு கேமரா, அதன் காட்சியைப் பதிவுசெய்யும் பெட்டி, கூடத்து மூலையில் விளக்கு மினுக்கும் ரௌட்டர் ஆகியவைதாம் தாக்கிக்கொண்டிருந்தன. மிராய் என்ற தீநிரல் அவற்றுக்குள் குடியேறியிருந்தது. அது பூட்டை உடைத்து நுழையவில்லை. கருவி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த பாஸ்வேர்டை வாங்கியவர்கள் மாற்றவே இல்லை. அப்படிப்பட்ட பாஸ்வேர்டுகள் 60க்குச் சற்று அதிகமாக எழுதிவைத்த ஒரு பட்டியலோடு மிராய் உலகம் முழுக்கக் கதவு கதவாகத் தட்டிப் பார்த்தது. லட்சக்கணக்கான கதவுகள் திறந்துகொண்டன.

அந்த வீடுகளில் இருந்தவர்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள், தூங்கிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு யார்மேலும் பகை இல்லை. டின் என்ற பெயரையே பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சட்டம் அவர்களைத் தேடிப் போகவில்லை, போக வேண்டியதும் இல்லை. அறம் கேட்கும் கேள்வி மட்டும் அங்கேயே நிற்கிறது. ஒருவருடைய வீட்டிலிருந்து, அவருடைய மின்சாரத்தில் ஓடும் அவருடைய கருவி, அவர் அறியாமலே இன்னொருவருக்குத் தீங்கு செய்தால் அதில் அவருக்குப் பங்கு உண்டா?

வைரஸிலிருந்து வீட்டுக் கணினியைக் காப்பது பற்றிய அறிவுரைகள் எல்லாம் தன்னலத்தில் தொடங்கித் தன்னலத்திலேயே முடிகின்றன. படங்கள் அழிந்துபோகும், வங்கிக் கணக்கு காலியாகும், கோப்புகளைப் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்பார்கள் என்றெல்லாம் எச்சரிக்கிறார்கள். அதனால்தான் பலர் வாயிலும் ஒரே பதில் வருகிறது: “என் கம்ப்யூட்டர்ல திருடுறதுக்கு என்ன இருக்கு?” இந்தப் பதிலில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. வைரஸ் எழுதுபவருக்குப் பல நேரம் கணினிக்குள் இருப்பது தேவையில்லை, கணினியே போதும். பிடிபட்ட கணினிகளை ஆயிரக்கணக்கில் கோத்து பாட்நெட் என்ற கூட்டமாக்கி, அதன் வழியாக மோசடி மின்னஞ்சல்களை அனுப்பலாம், மருத்துவமனையின் இணையதளத்தை முடக்கலாம், தன் தடத்தை மறைத்துக்கொண்டு வேறொரு வீட்டுக்குள் நுழையலாம். உரிமையாளருக்குத் தெரிவதெல்லாம் “கொஞ்சம் ஸ்லோவா இருக்கு” என்பது மட்டுமே.

2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் இதை உலகத்துக்கே காட்டியது. காதல் கடிதம் என்ற பெயரில் ஓர் இணைப்பு வந்தது. அது எழுத்துக் கோப்பு போலத் தெரிந்தது. விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியைக் காட்டாமல் மறைத்ததால், அது இயங்கும் நிரல் என்பது கண்ணில் படவில்லை. திறந்தவரின் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் அதே கடிதம் அவர் பெயரிலேயே போனது. தெரிந்தவர் அனுப்பியது என்பதால் பெற்றவர்களும் திறந்தார்கள். ஒருவர் ஏமாந்தது அவருடைய அண்ணனுக்கும் மேலாளருக்கும் பழைய வாத்தியாருக்கும் நேர்ந்த தீங்காக மாறியது.

ஆக, கேள்வி தன்னைக் காத்துக்கொள்வது பற்றியது அல்ல. இது பழைய இந்தியத் தத்துவத்தில் கொல்லாமை பற்றி எழுந்த கேள்வியின் இன்றைய வடிவம். அந்த விவாதத்தில் பௌத்தரும் சமணரும் எதிரெதிராக நின்றார்கள்.

தம்மபதத்துக்கு எழுதப்பட்ட பழைய உரையில் முதல் கதையே இதைப் பற்றியதுதான். சக்குபாலர் என்ற துறவிக்குக் கண்பார்வை போய்விட்டது. மழை பெய்து ஓய்ந்த பிறகு அவர் நடைபயின்ற பாதையில் பூச்சிகள் மிதிபட்டுச் செத்துக் கிடந்தன. மற்றத் துறவிகள் புத்தரிடம் முறையிட்டார்கள். சக்குபாலருக்குக் கொல்லும் எண்ணம் இல்லை, ஆகவே குற்றமும் இல்லை என்றார் புத்தர். எண்ணமே வினை என்பது பௌத்தத்தின் அடித்தளம். எண்ணம் இல்லாத இடத்தில் உடல் செய்தது வெறும் நிகழ்ச்சி.

சமணர்களால் இதை ஏற்க முடியவில்லை. சமணத்தின் சுவேதாம்பரப் பிரிவினருடைய ஆகமங்களுள் ஒன்றான சூத்திரகிருதாங்கத்தில் இந்த வாதம் கடுமையாக நடக்கிறது. குழந்தையைச் சுரைக்காய் என்று நினைத்து நெருப்பில் வாட்டியவனுக்குக் குற்றமில்லை என்பதுதானே உங்கள் கொள்கை என்று பௌத்தரின் நிலைப்பாட்டை அது எடுத்துக்காட்டி மறுக்கிறது. எதிராளியின் கருத்தை அது மிகைப்படுத்திக் காட்டுகிறது என்பது உண்மை. ஆனாலும் அந்தக் கேள்வி தைக்கிறது. குழந்தையா சுரைக்காயா என்று பார்க்க ஏன் அவனுக்குத் தோன்றவில்லை? பார்க்காமல் விட்டது அவன் செயல் இல்லையா? தமிழிலும் இந்த வழக்கு நடந்திருக்கிறது. பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த நீலகேசியில் சமணப் பெண் ஒருத்தி பௌத்த ஆசிரியர்களைத் தேடிப் போய் வாதிடுகிறாள். புலால் உண்பது பற்றிய வாதமும் அதில் உண்டு.

சமணம் தன் விடையைத் துல்லியமாக வரையறுத்துக்கொண்டது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது உயிர்ச்சேதத்தை மட்டும் சொல்லவில்லை. விழிப்பில்லாத மனமும் உடலும் செயல்படுவதால் நேரும் உயிர்ச்சேதம் என்று சொல்கிறது. அதற்கு முன்னால் நிற்கும் அந்த ஒரு நிபந்தனையில்தான் எல்லாம் இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அமிர்தசந்திரர் இதை இன்னும் விரித்துச் சொன்னார். கண்ணும் கருத்துமாக நடப்பவனின் காலடியில் தற்செயலாக ஓர் உயிர் மடிந்தால் அது ஹிம்சை ஆகாது. கவனமில்லாமல் நடப்பவனோ, ஓர் உயிரும் சாகாவிட்டாலும் ஹிம்சை செய்தவனே. புருஷார்த்த சித்தியுபாயம் என்ற அவருடைய நூலின் மையமான வாதங்களுள் இது ஒன்று.

இந்த இரண்டாவது பாதிதான் வியப்பானது. சேதமே நடக்காவிட்டாலும் குற்றமா?

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு தள்ளி, லண்டனில், இதே முடிவுக்கு ஒரு கணித ஆசிரியர் வேறு வழியாக வந்து சேர்ந்தார். வில்லியம் கிங்டன் கிளிஃபர்ட் 1877இல் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது, அடிக்கடி பழுது பார்த்தது, கடலுக்கு லாயக்கில்லை என்று அவருக்கே சந்தேகம் உண்டு. பழுது பார்த்தால் பணம் செலவாகும். எத்தனையோ புயலைத் தாண்டி வந்த கப்பல்தானே, ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, பிழைப்புத் தேடிப் புறப்படும் குடும்பங்களை அதில் ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் குற்றவாளி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கிளிஃபர்ட் அதோடு நிற்கவில்லை. கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தால்? அப்போதும் அவர் குற்றவாளிதான், மாட்டிக்கொள்ளாத குற்றவாளி என்றார். அமிர்தசந்திரர் சொன்னதும் இதுதான்.

இதைக் கணினிக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை வெளியிட்டது. மே 12 அன்று வான்னாக்ரை என்ற தீநிரல் வந்தது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. அந்த ஓட்டை அடைபடாத கணினியிலிருந்து அடைபடாத அடுத்த கணினிக்கு அது தானே தாவியது. சில நாட்களுக்குள் 150 நாடுகளில் 2,00,000க்கும் மேற்பட்ட கணினிகள். பிரிட்டனின் அரசு மருத்துவத் துறையில் ஏறத்தாழ 19,000 முன்பதிவுகள் ரத்தாகியிருக்கலாம் என்ற கணிப்பை அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை தந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்கான மருந்து இரண்டு மாதத்துக்கு முன்பே இலவசமாகக் கிடைத்தது.

“பிறகு நினைவூட்டு” என்ற பொத்தானை அந்த இரண்டு மாதமும் அழுத்திவந்தவர்கள் இரண்டு வகையானார்கள். சிலருடைய கணினி அடுத்தவருக்குத் தொற்றைக் கொடுத்தது. சிலருடையது கொடுக்கவில்லை. இருவரும் செய்தது ஒன்றுதான். நடுவில் நின்றது அதிர்ஷ்டம். 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இந்தச் சிக்கலைத் தத்துவ உலகின் முன்னால் வைத்தார்கள். பிரேக்கைச் சோதிக்காமல் லாரியை எடுத்த இரண்டு ஓட்டுநர்களில் ஒருவர் முன்னால் மட்டும் குழந்தை ஓடிவருகிறது. உலகம் அவரை மட்டும் வேறு கண்ணால் பார்க்கிறது. இது நியாயமா என்று நேகல் கேட்டார். கேள்வியைத் தீர்க்காமலே விட்டார். சமணம் தீர்த்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். பிரேக்கைப் பார்க்காமல் வண்டியை எடுத்த கணத்திலேயே இருவர் கணக்கிலும் அது எழுதப்பட்டுவிட்டது.

இவ்வளவு கறாராகச் சொன்னால் உடனே ஒரு மறுப்பு எழும். முழுப் பாதுகாப்பு என்பதே இல்லாத ஒன்றுக்கு யார் பொறுப்பேற்க முடியும்?

மறுப்பில் நியாயம் உண்டு. அதற்குக் கணிதமே சாட்சி. 1980களின் நடுவில், அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவராக இருந்த ஃபிரெட் கோஹென், எல்லா வைரஸ்களையும் பிழையின்றிக் கண்டுபிடிக்கும் நிரலை எழுதவே முடியாது என்று நிறுவினார். வாதம் எளிமையானது. அப்படி ஒரு காவல் நிரல் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். புதிதாக எழுதப்படும் ஒரு நிரல், “நான் வைரஸா?” என்று அந்தக் காவலையே கேட்கிறது. “ஆம்” என்றால் பரவாமல் சும்மா இருக்கிறது. “இல்லை” என்றால் பரவுகிறது. காவல் எந்தப் பதிலைச் சொன்னாலும் அது தவறாகிறது. 1936இல் ஆலன் டூரிங் கணிப்பின் எல்லைகளைப் பற்றிக் காட்டியதன் தொடர்ச்சி இது. யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்ஸன் இன்னும் ஆழமாகப் போனார். 1984இல் அச்சான டூரிங் விருது உரையில், நிரலின் மூல வரிகளை எழுத்தெழுத்தாகப் படித்தாலும் தெரியாதபடி, அவற்றை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குள்ளேயே ஒரு கள்ளக் கதவை ஒளித்துவைக்க முடியும் என்று விளக்கினார். தானே முழுக்க எழுதாத எந்த நிரலையும் ஒருவர் நூற்றுக்கு நூறு நம்ப முடியாது என்பது அவர் முடிவு.

ஆனால் இந்த இயலாமை சமணருக்குப் புதிதா? மூச்சு விட்டாலே உயிர்கள் சாகும், நீரில் உயிர், காற்றில் உயிர், காலடி மண்ணில் உயிர் என்று நம்பியவர்கள் அவர்கள். உடலோடு இருக்கும்வரை முழுக் கொல்லாமை கைகூடாது என்பது அவர்கள் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டது. அதனால் அவர்கள் கையை விரித்துவிடவில்லை. நடப்பதில், பேசுவதில், உணவு ஏற்பதில், பொருளை எடுத்து வைப்பதில், கழிவு நீக்குவதில் என்று சமிதிகள் எனப்படும் 5 கவன ஒழுக்கங்களை வகுத்துக்கொண்டார்கள். திகம்பரத் துறவி உட்காருமுன் மயிற்பீலியால் இடத்தை மெல்ல வருடுகிறார். இல்லறத்தார் தண்ணீரைத் துணியில் வடிகட்டுகிறார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் பகுதிகளில் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் பொழுது சாயுமுன் உண்டுவிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகளுக்காக. பலன் கையில் இல்லை, கவனம் கையில் இருக்கிறது என்பதே இந்த ஒழுக்கங்களின் உள்ளுறை. கோஹெனின் நிறுவல் பறித்துக்கொள்வது பலனைப் பற்றிய உறுதியை மட்டுமே. கவனம் என்ற கடமை அப்படியே இருக்கிறது.

அந்தக் கவனம் வீட்டுக் கணினியில் எப்படி இருக்கும் என்பது மறைபொருள் அல்ல. அப்டேட் வந்தால் அன்றே போடுவது முதலாவது. இதில் தாமதம் ஏன் கெடுதல் என்பதைப் பலர் அறிவதில்லை. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டே ஓட்டை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது; பழைய நிரலையும் புதிய நிரலையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்டேட் வெளியான நாளிலிருந்து போடாத கணினி முன்பைவிட அதிக ஆபத்தில் இருக்கிறது. அன்றாட வேலைக்கு நிர்வாகி கணக்கைப் பயன்படுத்தாமல் சாதாரணக் கணக்கைப் பயன்படுத்தினால், உள்ளே நுழைந்த தீநிரலுக்கும் அந்தச் சாதாரண அதிகாரமே கிடைக்கும். ரௌட்டரின் பாஸ்வேர்டை வாங்கிய அன்றே மாற்ற வேண்டும். ஜெராக்ஸ் கடையில் போட்டு எடுத்த பென்டிரைவைத் திறக்குமுன் ஸ்கேன் செய்ய வேண்டும். செருகியதுமே தானாக இயங்கும் வசதியை வைத்துத்தான் 2008இல் வந்த கான்ஃபிக்கர் முதலிய புழுக்கள் பென்டிரைவ் வழியாக ஊர் ஊராகப் பரவின; மைக்ரோசாஃப்ட் 2011இல் பழைய விண்டோஸ்களிலும் அதை நிறுத்தியது. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு நிரலே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும், அணைத்துவைக்காமல் இருந்தால்.

அணைத்துவைக்கச் சொல்வது யார்? திருட்டு மென்பொருளோடு வரும் ‘கிராக்’. “ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க” என்ற ஒரு வரி அதோடு வரும். யாரென்றே தெரியாத ஒருவர் சொன்னார் என்று காவலை விலக்கிவிட்டு, அவர் கொடுத்த நிரலுக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுப்பது இது. இங்கே அறியாமை என்று சொல்லித் தப்ப முடியாது. தமிழ்நாட்டில் வீட்டுக் கணினிகளுக்கு வரும் கேட்டில் இந்த ஒரு பழக்கத்துக்குப் பெரும் பங்கு இருப்பதாகவே தெருமுனையில் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். விலை கொடுக்க முடியாதவர்களுக்கு லிப்ரே ஆஃபீஸ், கிம்ப், லினக்ஸ் என்று நேர்மையான இலவச வழிகள் இருக்கின்றன.

கோப்புகளை நகலெடுத்து வைப்பது மட்டும் வேறு கணக்கு. அது செய்பவருக்கே நன்மை. நகல் வைத்திருக்கும் வட்டை வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகரலாம். செருகியே இருந்தால் பணம் பறிக்கும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

பொறுப்பு எவ்வளவு என்ற கேள்விக்கு யூத மறை மிக நுட்பமான அளவுகோல் ஒன்றைத் தருகிறது. யாத்திராகமத்தின் 21ஆம் அதிகாரத்தில் முட்டும் மாட்டைப் பற்றிய சட்டம் இருக்கிறது. சாதுவாக இருந்த மாடு திடீரென ஒருவரை முட்டினால் உரிமையாளருக்குப் பொறுப்பு குறைவு. முன்பே முட்டும் பழக்கம் உள்ள மாடு என்று எச்சரிக்கப்பட்டும் கட்டிவைக்காமல் விட்டால் பொறுப்பு பல மடங்கு. பிற்கால யூத அறிஞர்கள் இதை நுணுக்கமாக வளர்த்தார்கள். உபாகமம், புது வீடு கட்டுபவர் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டியாக வேண்டும் என்கிறது. யாராவது விழுந்து அந்த வீட்டின்மேல் ரத்தப்பழி வந்துவிடக் கூடாது என்பதற்காக. கடிக்கிற நாயையும் ஆட்டம் காணும் ஏணியையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று தால்முத் அதை விரித்தது. விழப்போகிறவர் யார் என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

ஜெர்மனியில் இந்தக் கேள்வி உண்மையிலேயே நீதிமன்றம் ஏறியது. ஒருவர் விடுமுறைக்கு வெளியூர் போயிருந்தார். அந்த நாட்களில் அவருடைய வைஃபை இணைப்பின் வழியாக யாரோ ஒரு பாடலை இணையத்தில் திருட்டுத்தனமாகப் பகிர்ந்தார்கள். பாடலின் உரிமையாளர் வழக்குப் போட்டார். 2010 மே 12 அன்று அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. திருடியவர் அவர் இல்லை, ஆகவே நஷ்டஈடு கேட்க முடியாது. ஆனால் ரௌட்டரில் தொழிற்சாலை அமைப்பை மாற்றித் தனக்கென ஒரு பாஸ்வேர்டு வைக்காமல் விட்டது அவர் தவறு. மேற்கொண்டு அப்படி நடக்காமல் தடுக்கும் பொறுப்பு அவருக்கு உண்டு. அதே நேரம், சாதாரணக் குடிமகன் ஓயாமல் புதுப்புதுத் தொழில்நுட்பத்தை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது, வாங்கிய காலத்தில் வழக்கத்தில் இருந்த பாதுகாப்பு போதும் என்றும் சொன்னது. 2017இல் ஜெர்மனி சட்டத்தைத் திருத்தி இந்தப் பொறுப்பைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது. இருந்தாலும் அந்தத் தீர்ப்பு போட்ட கோடு நிதானமானது. குற்றவாளி என்றும் சொல்லவில்லை, சம்பந்தமே இல்லை என்றும் விடவில்லை.

வீட்டுக்காரரை மட்டும் நிறுத்திவைத்துக் கேட்பது அநியாயமாகிவிடும். வான்னாக்ரை பயன்படுத்திய ஓட்டையை முதலில் கண்டுபிடித்தது அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை. உளவு வேலைக்கு உதவும் என்று அதைச் சொல்லாமல் வைத்திருந்தது. அதன் கருவி திருடுபோய் 2017 ஏப்ரலில் இணையத்தில் வெளியானது. மிராய்க்கு இடம் கொடுத்த கேமராக்கள் சிலவற்றில் பாஸ்வேர்டை மாற்ற நினைத்தாலும் மாற்ற வழியில்லாமல் உள்ளேயே பதித்து விற்றிருந்தார்கள். சமண நெறி வினையை மூன்றாகப் பகுக்கிறது: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். மூவருக்கும் பங்கு உண்டு, ஒருவருடைய பங்கு மற்றவருடையதைக் குறைப்பதில்லை. வைரஸ் எழுதியவர் முதல் குற்றவாளி. அவருக்கு அடுத்து ஓட்டையைத் தெரிந்தே மறைத்தவர்களும், ஓட்டையோடு விற்றவர்களும். வீட்டுக்காரர் அவர்களுக்கெல்லாம் பின்னால் நிற்கிறார்; ஆனால் வரிசையில் நிற்கிறார். பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து இணையக் கருவிகளை விற்பதைச் சட்டப்படி தடைசெய்துவிட்டது. விற்பவர்மேல் சுமையை ஏற்றிய அந்தச் சட்டம் எல்லா நாடுகளுக்கும் வேண்டும்.

வரிசையில் நிற்பவர்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் விண்டோஸ் 11ஐ ஏற்காது. பிள்ளையின் படிப்புக்காகக் கடன் வாங்கி அந்தக் கணினியை வாங்கிய தாயிடம், புதிது வாங்காதது உன் குற்றம் என்று சொல்ல எந்த அறத்துக்கும் வாய் வராது. கத்தோலிக்க இறையியலில் தாமஸ் அக்குவினாஸ் இதற்கு ஒரு பிரிவினை செய்திருக்கிறார். முயன்றால் நீக்கிக்கொள்ளக்கூடிய அறியாமை ஒன்று. எவ்வளவு முயன்றாலும் நீங்காத அறியாமை இன்னொன்று. முதலாவது மட்டுமே பாவம். அந்தத் தாயினுடையது இரண்டாவதோடு சேரும். ஆனால் வெளியூரில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டு, ஊரிலிருக்கும் அப்பாவின் மடிக்கணினி 3 வருடமாக அப்டேட் ஆகவில்லை என்று தெரிந்தும், வீடியோ காலில் “ஒண்ணும் ஆகாதுப்பா” என்று சொல்லிவிடுகிற மகனுடைய கணக்கு வேறு. விஷயம் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் அந்த வீட்டின் அறியாமை நீக்கக்கூடியதாகிவிடுகிறது.

ஆயுத பூஜை இந்தக் கவனத்துக்கு நல்ல நாள். கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து வணங்கும் வழக்கம் தமிழ்நாட்டில் எப்போதோ வேரூன்றிவிட்டது. பட்டறையில் பொட்டு வைப்பதற்கு முன்னால் இயந்திரத்தைத் துடைத்து, எண்ணெய் போட்டு, துருவை எடுப்பார்கள். வழிபாட்டில் பாதி அந்தத் துடைப்பில் இருக்கிறது. கணினிக்கு அந்தப் பாதியையும் செய்யலாம். நிலுவையில் இருக்கும் அப்டேட்டுகளைப் போட்டு, பயன்படுத்தாத நிரல்களை நீக்கி, ரௌட்டரின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் பிறகு பொட்டு வைத்தால், கருவிக்குச் செய்யும் மரியாதை அந்தக் கருவி தொடும் முகம் தெரியாத மனிதர்களுக்கும் போய்ச் சேரும்.

தீங்கு நடந்த பிறகு என்ன செய்வது? இதற்கும் சமணத்தில் ஒரு வழி இருக்கிறது. பிரதிக்கிரமணம் என்ற வழிபாட்டில், நடந்தபோதும் வந்தபோதும் அறியாமல் மிதித்த உயிர்களைக்கூட நினைத்து வருந்துகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறார்கள். அறியாத தீங்குக்குத் தண்டனை இல்லை, ஆனால் அதைத் தனதென்று ஒப்புக்கொள்ளும் இடம் உண்டு. தன் கணினியில் தொற்று இருந்தது தெரிந்ததும் பலர் செய்வது அதை மறைப்பது. வெட்கம். அந்த மௌனத்தில் வைரஸ் இன்னும் நாலு வீடு போகிறது. இணைப்பைத் துண்டித்து, கணினியைச் சுத்தம் செய்து, வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றிவிட்டு, “என் கணக்கிலிருந்து ஏதாவது வந்திருந்தால் திறக்காதீர்கள்” என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்வதே அறத்தோடு பொருந்திய செயல். அப்படிச் சொல்பவரைக் கேலி செய்யாமல் இருப்பது கேட்பவர்களின் கடமை. இந்தியாவில் 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா இணையச் சேவை நிறுவனங்கள் வழியாகத் தொற்றுள்ளவர்களுக்குத் தகவல் சொல்லி, நீக்கும் கருவிகளை இலவசமாகவே தருகிறது. அங்கிருந்து செய்தி வந்த பிறகும் சும்மா இருப்பவர், முட்டும் மாடு என்று எச்சரிக்கப்பட்ட உரிமையாளரின் இடத்துக்கு வந்துவிடுகிறார்.

அரசே உள்ளே வந்து சுத்தம் செய்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதுவும் நடந்திருக்கிறது. 2024 ஜனவரி 31 அன்று அமெரிக்க நீதித்துறை ஒரு நடவடிக்கையை அறிவித்தது. சீன அரசோடு தொடர்புள்ளதாகக் கூறப்படும் குழு ஒன்று, அமெரிக்க வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த நூற்றுக்கணக்கான பழைய ரௌட்டர்களில் தீநிரலை ஏற்றி, அவற்றின் பின்னால் ஒளிந்துகொண்டு நாட்டின் அடிப்படைக் கட்டமைப்புகளைக் குறிவைத்திருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை தயாரித்த நிறுவனங்களே அப்டேட் தருவதை நிறுத்திவிட்ட சிஸ்கோ, நெட்கியர் ரௌட்டர்கள். எஃப்.பி.ஐ. நீதிமன்ற அனுமதி பெற்று, தொலைவிலிருந்தே அந்த ரௌட்டர்களுக்குள் புகுந்து தீநிரலை அழித்தது. திரும்பவும் தொற்றாதபடி ஒரு தடுப்பையும் போட்டது. உரிமையாளர்களுக்குத் தகவலும் அனுப்பியது. ஆனால் அந்தத் தடுப்பு தற்காலிகமானது. ரௌட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் அது போய்விடும், பழைய ஓட்டை பழையபடி திறந்திருக்கும். அந்த ரௌட்டரைக் கழற்றிவிட்டு வேறு மாட்டுங்கள் என்று வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டதோடு எஃப்.பி.ஐ.யின் வேலை முடிந்தது.